பலா மரத்துக்கு ஜாமீன்

“…உங்க ஒரு வார்த்தைக்கே இம்மா வேதனப்படறீங்களே, ஏழு வருசமா வெட்டறேன் வெட்டறேன்னே நான் சொல்லிகினு இருந்திருக்கேன். நல்லதா ஒரு வார்த்த எங்கிட்டருந்து அது கேட்டதே இல்லிங்க, டிரைவரே,” என்றார் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்.

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய கட்டில், பீரோ, மெத்தை, குடம் எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டிய லாரி நின்றிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும். மரத்தை எந்த லாரியில் ஏற்றுவது?

நான் நெய்வேலியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மற்றதெல்லாம் ஷிப்டுக்குப் போகிற ஜனங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தேறியதுதான். அவர் மைன்ஸில் டோசர் ஓட்டினார். மண்ணை வெட்டுவதற்கு முன் நிலத்திலுள்ள மரம் மட்டைகளைத் தள்ளிச் சுத்தம் செய்கிற வேலை. பெரிய மரம் எதிரே வந்தால் இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாராம். “என்ன பூசாரி, உத்தரவு குடுத்திச்சா?” என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். “குடுக்கல. ஆனா கேட்டேன்ல?” என்பார் இவர். இந்தப் பதிலை நான் பஸ்ஸில் கேட்டுப் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்த பலா, அவர் மனைவி பண்ருட்டிப் பக்கம் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கொட்டையிலிருந்து முளைத்தது. அவருக்கு இரண்டும் பையன்கள். அதனால் அண்ணிக்கு மரம்தான் பொண்ணு. நான் அவர்களை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் இலைக்குப் பச்சை நிறம் மழைக்காலத்தில் மட்டும்தான், மற்ற நாளெல்லாம் பவர் ஹவுஸ் சாம்பல் படிந்திருக்கும். எட்டுகிற இலைகளை அண்ணி ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். “வடலூர் வரைக்கும் போயிட்டு வந்துட்றேன், பத்திரமா இரு” என்று மரத்தைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் கேட்டைச் சாத்துவார்கள். “அவங்க மரத்துகிட்ட சொல்லிட்டுப் போறாங்க, நீங்க எங்கிட்டகூட சொல்றதில்ல” என்று என் வீட்டுக்காரி எனக்கு ஒரு குத்து வைப்பாள்.

மரம் காய்க்கவில்லை. கூடவே முளைத்த கன்றுகள் அம்மா வீட்டில் காய்த்துத் தள்ளுகின்றன என்று செய்தி வந்தது. அப்போது தொடங்கியதுதான் அந்த வழக்கம். தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவர் குளித்து, கோடாலியை எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் போய் நிற்பார்.

“ஏய்! காய்ப்பியா, மாட்டியா? நெழலுக்கா உன்ன வளத்தேன்? இன்னிக்கி வெட்டிப் போட்டுட்றேன் பாரு!”

கோடாலி தலைக்கு மேலே போகும். சமையற்கட்டிலிருந்து அண்ணி ஈரக் கையோடு ஓடி வருவார்கள்.

“ஐயோ, வேணாங்க! பச்சப்புள்ளங்க அது. இந்த ஒரு வருசம் பொறுத்துக்குங்க. அடுத்த வருசம் காய்க்கும், நான் ஜாமீன்!”

“போன வருசமும் உன் ஜாமீன நம்பித்தான் வுட்டேன்.”

“இந்த வாட்டியும் நம்புங்க.”

கோடாலி இறங்கும். மரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள். முதல் வருஷம் நான் நிஜச் சண்டை என்று நினைத்து, கட்டிய லுங்கியோடு வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டேன். அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்ல தம்பி. அவருக்கும் அவளுக்கும்தான் பேச்சு” என்றார்கள்.

அதற்கு ஒரு விதி இருந்தது. ஓங்கியவர் தானாகக் கோடாலியை இறக்கக் கூடாது, இன்னொருத்தர் தடுக்க வேண்டும். தடுக்க ஆளில்லை என்றால் அது மரத்தின்மேல் பட்டுத்தான் ஆக வேண்டும். சொன்ன சொல் பொய்யாகக் கூடாதாம்.

“இது நாடகம்னு மரத்துக்குத் தெரியாதா அண்ணி?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“தெரியும் தம்பி. நாம மெனக்கெடறமான்னு பாக்கும்.”

போன வருஷம் அந்த வெள்ளிக்கிழமை அண்ணி பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஈரல் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டிருந்தார்கள். பெரிய பையன் கூட இருந்தான். மாற்றுத் துணி எடுக்க வந்த இவர், வந்த இடத்தில் குளித்துவிட்டுக் கோடாலியோடு மரத்தின் முன்னால் நின்றார். நான் முதல் ஷிப்டு முடிந்து வந்து, வாசலில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“டிரைவரே, அவ இல்ல. அந்த வார்த்தய நீங்க சொல்லிடறீங்களா?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“அதுக்கென்னண்ணே” என்றேன். அவர் ஓங்கினார். வெட்டிவிடுவேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு மாதமாக அந்த முகத்தில் சிரிப்பில்லை. சிரிக்க வைத்துவிட்டு அப்புறம் ஜாமீன் சொல்லலாம் என்று நினைத்தேன். என் வாய்க்கு எப்போதும் ஒரு வேடிக்கை வேண்டும்.

“வெட்டுங்கண்ணே, வெட்டுங்க! உங்க மரத்து எலயக் கூட்டியே எங்க வீட்டுக்காரி இடுப்பு ஒடிஞ்சிபோச்சு!”

அவர் சிரிக்கவில்லை. என் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கி, வேண்டாம் என்று சொல்வதற்குள் கோடாலி இறங்கிவிட்டது. பலமாக இல்லை, சும்மா பட்டதுதான். விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்தது. அவர் துண்டால் துடைத்தார். மறுபடியும் வடிந்தது. மறுபடியும் துடைத்தார்.

“பரவால்ல டிரைவரே, லேசாத்தான் பட்டுது” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பத்தாம் நாள் அண்ணி போய்விட்டார்கள். கொண்டுவந்து அந்தப் பலா நிழலில்தான் கிடத்தினார்கள். கீறலில் பால் பழுப்பாக உறைந்திருந்தது. துக்கத்துக்கு வந்த யாரோ அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு போனில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

என் வார்த்தையால் அண்ணி போகவில்லை. அது எனக்குத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் காரணத்தை வண்டியில் தேடுகிறவன் நான், ஜாதகத்தில் தேடுகிறவன் இல்லை. ஆனாலும், அவர்கள் வந்து தடுக்க முடியாமல் போன அந்த ஒரு தடவை அவர்கள் இடத்தில் நிற்கச் சொல்லி என்னிடம் கேட்டார் அந்த மனுஷர். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு வெட்டு என்றேன்.

அதற்கப்புறம் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற விடியற்காலையில், வேலி ஓரமாகக் கையை நீட்டி அந்த மரத்தைத் தொட ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் அது வெறும் மரப்பட்டையாகத்தான் இருந்தது. எறும்பு கடித்தது. போகப்போக, சில்லென்று இருக்கும் பட்டை உள்ளங்கைக்கு அடியில் மெல்லச் சூடாவது தெரிந்தது. அது என் சூடா, மரத்தினுடையதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “வெளையாட்டுக்குச் சொல்லிட்டேன் தாயி” என்பேன். மரம் என்ன சொல்லும்? எறும்புகள் அதுபாட்டுக்கு ஏறி இறங்கும். சொல்ல விட்டுப்போன ஜாமீனைச் சொல்லலாம் என்றால், எதிரே ஓங்கிய கோடாலி வேண்டுமே. சும்மா நிற்கிற மரத்துக்கு யார் யாரிடம் ஜாமீன் சொல்வது?

இந்த வருஷம் தை வெள்ளிக்கு லீவு போட்டேன். காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வாயில் வெற்றிலைகூடப் போடவில்லை. அவர் வெளியே வந்தார், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோடாலி வரவே இல்லை.

போன வாரம் அடுத்து குடிவரப் போகிறவர்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அந்தம்மா மரத்தை அண்ணாந்து பார்த்து, “காய்க்காத மரமா? வெளிச்சத்த மறைக்குதே” என்றது. கெட்ட மனசோடு சொல்லவில்லை. வெளிச்சத்தை மறைக்கத்தான் செய்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மரம் என்ன ஆகப்போகிறது என்பது இனி அவர் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. ஓங்கிய கோடாலிக்கு முன்னால் நின்று அந்த மரம் எங்களிடமிருந்து கடைசியாகக் கேட்ட வார்த்தை, நான் சொன்ன வெட்டு.

ஆகவேதான் லாரியில் கயிறு கட்டுகிற நேரத்தில் வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அந்தச் சோற்றுக் கவளம், சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது, விடியற்காலையில் மரத்தைத் தொட்டது, எல்லாவற்றையும். “என்ன மன்னிச்சிடுங்கண்ணே. நான் சொன்னத அது மறக்கணும்” என்றேன். அதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார், நல்ல வார்த்தை ஒன்றுகூடத் தன்னிடமிருந்து அது கேட்டதில்லை என்று.

சொல்லிவிட்டு லாரிப் பக்கம் நடந்தார். “கட்டி முடிச்சாச்சே சார்” என்று லாரிக்காரர் சலித்துக்கொண்டதைக் காதில் வாங்கவில்லை. கயிற்றைத் தளர்த்தி, பாய்ச்சுருளுக்கு அடியில் கையை விட்டுக் கோடாலியை உருவினார். நேரே வந்து என் கையில் திணித்தார்.

“ஓங்குங்க டிரைவரே. இந்த வாட்டி ஜாமீன் நான்.”

நான் வேண்டாமென்று தலையை ஆட்டுவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார். மரத்தடிக்குப் போய், முதுகை அதன்மேல் ஒட்ட வைத்து, இரண்டு கைகளையும் பின்னால் வளைத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு, என் கை மேலே போவதற்காகக் காத்து நின்றார்.