பிஸ்கட் இருந்த ஒருசந்தி

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கடலில் எதற்கும் பயப்படாத ஆள் என்று ஊரில் பெயர் எடுத்தவர். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனாலும் உட்கார்ந்து வெற்றிலை போடுவாராம். அப்படிப்பட்ட மனிசன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிழட்டுக் கினிப்பன்றியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படி நின்றார். அந்த வயிற்றைக் கெடுத்தவள் நான்.

அதன் பெயர் பிஸ்கட். தேநீரில் தோய்த்த பிஸ்கட்டின் நிறம். வால் கிடையாது, கழுத்தும் கிடையாது. மாமாவோடு தொழிலுக்குப் போகிறவர்கள் அதைப் பெரிய எலி என்றார்கள், மாமிக்குக் கேட்காத தூரத்தில். பிள்ளைகள் இல்லாத மாமாவும் மாமியும் மாதா மாதம் கொழும்புக்குக் கிளினிக்குக்குப் போய் வருவார்கள். ஒருமுறை போய் வந்தபோது மருந்துக்குப் பதிலாக ஒரு பெட்டிக்குள் இதைக் கொண்டு வந்தார்கள், அதன்பின் கிளினிக்குக்குப் போகவே இல்லை. அம்மா இதைச் சொல்லக் கேட்டபோது எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. மருந்தைவிட இது நல்லதுதானே என்று நினைத்தேன்.

பிறகு மாமி குவைத்துக்குப் போய்விட்டா. அங்கே ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. மாமா போக வேண்டாம் என்றார், மாமி போவேன் என்றா, அதற்குமேல் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. விமான நிலையத்துக்கு வான் வந்து நின்றபோது மாமி பிஸ்கட்டுக்கு முத்தம் கொடுத்தா. மாமாவுக்கு "வாறன்" என்று மட்டும் சொன்னா.

ஞாயிறு பின்னேரம் பத்து நிமிசம் மாமி கதைப்பா. அந்த வீட்டில் முகம் காட்டிக் கதைக்க விடமாட்டார்கள், குரல் மட்டும்தான். இயந்திரச் சத்தத்தில் மாமாவின் ஒரு காது மந்தம். ஆகவே போனைச் சத்தமாக வைத்துவிட்டுக் கதிரையில் இருப்பார். பக்கத்து வீடு எங்களுடையது. எனக்கு எல்லாம் கேட்கும், கேட்காவிட்டால் வேலிக்கு அருகே போவேன்.

"பிஸ்கட் சாப்பிட்டதோ?"

"ஓம், சாப்பிட்டது."

"தண்ணி?"

"குடிச்சது."

"போனைக் கிட்டக் கொண்டு போங்கோ."

மாமியின் குரல் கேட்டதும் பிஸ்கட் 'வீக் வீக்' என்று கத்தும். மாமி அங்கே சிரிப்பா. பிறகு வைத்துவிடுவா. இரண்டு வருசமாக இதே கதைதான். பெரியவர்களுக்குக் கதைக்க வேறு ஒன்றும் இல்லையா என்று எனக்கு அலுப்பாக இருக்கும்.

பெரிய வியாழன் அன்று காலையில் மாமா கடலில். எங்கள் வீட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட வத்தகப்பழம் வெட்டினார்கள். பிஸ்கட்டுக்கு அப்போது ஆறு வயசு, அந்தச் சாதியில் அது பாட்டியின் வயசு. பாவம், காய்ந்த புல்லையே கடித்துக்கொண்டு கிடக்கிறதே என்று நான் ஒரு கோப்பை நிறையப் பழத்தையும் தோலையும் கொண்டுபோய் வைத்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் தின்றது. புண்ணியம் செய்த மாதிரி இருந்தது எனக்கு.

பின்னேரம் கூடு முழுவதும் தண்ணீராகப் போயிருந்தது. மாமா வந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். வயிற்றுப் போக்கென்றால் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான், ஆளுக்கு ஏற்ப மாறாது.

"வயித்தைக் காயப் போடு," என்றா அம்மா. "நாளைக்குப் பெரிய வெள்ளி. முழு ஊரும் ஒருசந்தி. அதுவும் இருக்கட்டுமே, மோட்சத்துக்குப் போகும்."

எனக்கு இது மிகவும் பிடித்துக்கொண்டது. நான் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஆயத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். உபவாசம் இருக்கிற கினிப்பன்றி மன்னார்த் தீவில் வேறு யார் வீட்டிலும் இல்லை. சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில் நாலு சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொன்னேன். கூட்டுக்குள் கிடந்த புல்லை மாமா ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்திருந்தார்.

சனி காலை அது மூலையில் பந்து மாதிரிக் குந்தியிருந்தது. மயிர் சிலிர்த்து, பல்லை நறநறவென்று கடித்தபடி. கூட்டில் ஒரு புழுக்கையும் இல்லை. வயிறு இறுகிக் கிடந்தது. மாமா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "நாளைக்கு ஞாயிறு," என்றார்.

மிருக வைத்தியரின் கந்தோர் அன்று பூட்டு. மாமா சைக்கிளில் என்னை முன்னால் ஏற்றி, என் மடியில் துவாய்க்குள் பிஸ்கட்டைத் தந்து, மன்னார் ரவுணில் வைத்தியர் குடியிருந்த வீட்டுக்கே போனார். சந்தியில் கழுதைகள் நடுவீதியில் படுத்துக் கிடந்தன. என்றைக்கும் இறங்கித் தட்டிக்கொடுத்து எழுப்புகிறவர், அன்று மணியை அடித்த அடியில் கழுதைகளே திகைத்துவிட்டன.

வைத்தியர் ஆடும் மாடும் பார்க்கிற மனிசன். ஆனாலும் பிஸ்கட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"எப்ப கடைசியாத் திண்டது?"

"வியாழன், டொக்டர். வயித்தைக் காயப் போட்டனாங்கள்," என்றார் மாமா, நல்ல பிள்ளை மாதிரி.

"ஐயோ, ஆர் காணும் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?" வைத்தியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "இது மனிசர் இல்லை. இதுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேணும். உள்ளுக்குப் புல்லுப் போனாத்தான் ஓடும். நிண்டுதோ, காத்து அடைச்சு ரெண்டு நாளிலை ஆள் முடிஞ்சுது. அதிலும் இது கிழவி. தண்ணிச் சாமான் கனக்க என்ன குடுத்தனீங்கள்?"

மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "வத்தகப்பழம்," என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொட்டு மருந்து ஒன்றைத் தந்து வைத்தியர் சொல்லிக்கொடுத்தார். வீட்டிலிருக்கிற மனிசர் மருந்து எதையும் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. புல்லை நன்றாக அரைத்துக் கூழாக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாக, விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பார்க்காமல். இளஞ்சூட்டுத் துணியில் வைத்து வயிற்றை மெல்லத் தடவ வேண்டும்.

அந்த வெயில் காலத்தில் எங்கள் தீவில் பச்சைப் புல்லுக்கு எங்கே போவது? இருந்ததைக் கழுதைகள் பார்த்துக்கொண்டன. மாமா பாலத்தைத் தாண்டி வயல் பக்கம் போய் ஒரு சாக்கு அறுகம்புல்லோடு வந்தார். கரையில் வலையைத் தெரிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் விடுவார்களா? "என்ன அண்ணை, தொழிலை மாத்தியாச்சே?" என்று கத்தினார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் துவாயோடு பிடித்துக்கொள்வேன். நண்டு கடித்துத் தழும்பேறிய அந்தப் பெரிய விரல்களால் மாமா சிரிஞ்சைத் தள்ளுவார். "இன்னும் ஒரு வாய், என்ரை குஞ்செல்லே," என்பார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. நடுவில் ஒருமுறை, "இது போனா அவள் எடுக்க மாட்டாள்," என்றார். எதை எடுக்க மாட்டா என்று கேட்டேன். மாமா கதிரையில் கிடந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த சிரிஞ்சை நிரப்பினார்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து நான் புதுச் சட்டையோடு ஓடி வருகிறேன், மாமா முற்றத்தில் உள்ளங்கையை நீட்டியபடி நிற்கிறார். "போட்டிட்டுது! பார், போட்டிட்டுது!" கையில் மூன்று புழுக்கை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்று பின்னேரம் மாமி கேட்டபோது, "சாப்பிட்டது," என்றார் மாமா. முழு உண்மை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் பிஸ்கட்டை மாமா பார்த்த பார்வை வேறு. மீன் நிறுக்கிற தராசைக் கழுவித் துணி விரித்து, கிழமைக்கொருமுறை நிறுப்பார். எடை ஒரு துளி இறங்கினாலும் கூழ் தொடங்கிவிடும். கூட்டில் புல் குறையவே விடமாட்டார். வலையில் காயப்போட்ட புல்லை ஒரு கழுதை தின்றுவிட்டதென்று, ஈயைக்கூட அடிக்காத மனிசன் தோணி வலிக்கிற சவளோடு கடற்கரை வரை துரத்தினார்.

கார்த்திகை மழை நேரம் அது நித்திரையிலேயே போய்விட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லை, வயசுதான். மாமா மணலில் குழி தோண்டினார். மண்ணைத் தட்டிவிட்டு, "மாமிக்குச் சொல்லாதை," என்றார்.

அந்த ஞாயிறு மாமி கேட்டா. மாமா, "சாப்பிட்டது," என்றார். போனைக் கிட்டக் கொண்டு போகச் சொன்னா. "நித்திரை," என்றார். அடுத்த ஞாயிறும் நித்திரை. எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்வது பாவம் என்று இப்போதுதான் படித்திருந்தேன். அடுத்த மாதம் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் என் முதல் பாவசங்கீர்த்தனம். மாமாவின் பொய்யை மறைத்த பாவத்தையும் நான்தானே சுமக்க வேண்டும்?

மூன்றாம் ஞாயிறு போன் அடித்தபோது மாமா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் எடுத்தேன்.

"மாமி, பிஸ்கட் செத்து மூண்டு கிழமை. மாமா பொய் சொல்லுறார்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு குழந்தை அழுதது, யாரோ மாமியைக் கூப்பிட்டார்கள். மாமி ஒருமுறை மூக்கை உறிஞ்சினா.

"ஓம் பிள்ளை," என்றா. "மாமாட்டைக் குடுங்கோ."

மாமா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நான் கதவோரம் நின்றேன்.

"இஞ்சேருங்கோ," என்றது போன். "பிஸ்கட் சாப்பிட்டதோ?"

மாமா நிலத்தைப் பார்த்தார். "ஓம். புல்லுத் திண்டது. கொய்யாவும் கொஞ்சம்."

"தண்ணி?"

"குடிச்சது."

வழமையாக இந்த இடத்தில் போனைக் கிட்டக் கொண்டு போகச் சொல்வா. அன்று சொல்லவில்லை.

"நீங்கள்?" என்றா மாமி. "நீங்கள் சாப்பிட்டியளோ?"

மாமா போனைக் கையில் எடுத்தார். பிறகு மெல்ல, "இன்னும் இல்லை," என்றார். என்ன சமைத்தீர்கள் என்று மாமி கேட்டா. மாமா சொல்லத் தொடங்கினார். பத்து நிமிசம் முடிந்தும் போன் வைக்கப்படவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவ்வளவு துணிந்து சொன்ன உண்மைக்கு ஒரு மதிப்பும் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், குவைத்துக்குப் போய் மாமியின் காதும் மந்தமாகிவிட்டது என்று.