கறிவேப்பிலைக்கு ஒரு கட்டம்

காஜா பேராங் தெருவில் சிவகாமசுந்தரியிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஒரு கை உப்பு, பிள்ளைக்கு வசம்பு, கல்யாணத்துக்குப் போக ஒரு நல்ல சேலை, எதுவானாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா, ரெண்டு கொப்பு கறிவேப்பிலை" என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தவருக்கு இலை கிடைக்கும். கூடவே மாமியாரிடம்கூட வாங்கியிராத ஏச்சும் கிடைக்கும். தெருவில் பழகியவர்கள் காதைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்துவிட்டு இலையை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த மணல் கலந்த மண்ணில் முதலில் அவள் கத்தரி வைத்தாள். நத்தை தின்றது. வெண்டை வைத்தாள். மழையில் அழுகியது. கடைசியில் சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன வருஷத்தில் வரிசையாகக் கறிவேப்பிலைக் கன்றுகளை நட்டாள். அதுதான் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் சும்மா இல்லை. புளித்த மோரை வேரில் ஊற்றினாள், மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினாள். கொழுந்து விடும் நேரம் பார்த்து வந்து ஒட்டிக்கொள்ளும் பச்சைப் புழுக்களை விடிந்தும் விடியாமலும் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுத்தாள். கிளையை எப்படி ஒடித்தால் மறுபடி தழைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அது தெரியாமல் கண்டபடி முறித்துவிட்டுப் போகும் செமாபோக் ஊர்ச் சொந்தக்காரர்களை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு எரியும். விருந்துக்கு வந்து, சாப்பிட்டு, போகும்போது கொல்லைப் பக்கம் போய்க் கிளையோடு முறித்துக்கொண்டு, "சும்மாதானே கெடக்குது" என்பார்கள்.

சும்மாதானே கிடக்கிறது. இந்தச் சொல்தான் அவள் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் ஈரச் சாக்கில் சுற்றிய இலைகளை அவள் கணவன் சேதுபதி சைக்கிளில் வைத்துக் கட்டுவான். ரப்பர் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போகிற வழியில் சந்தையில் இறக்குவான். அவள் பின்னாலேயே நடந்து போவாள். சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த அப்துல் சமது அதை வாங்கிக்கொண்டு ஏதோ கொடுப்பார். அதைக் காசு என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருக்கும். நல்ல மனுஷர்தான். சந்தையில் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி. தங்கச்சி, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஆனால் அவர் கடையில் அவளுடைய இலைக்கு விலை கிடையாது. அது கொசுறு.

குருபோங்கிலிருந்து சீனத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்து போட்ட கத்தரிக்காயைக் கூடை கொண்டுவரும் அம்மாக்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்கள். காம்பைக் கிள்ளுவார்கள், விலையைக் கேட்டு மயக்கம் போடுவார்கள், போவதுபோல் போய்த் திரும்பி வருவார்கள். கத்தரிக்காய்க்கு இத்தனை மரியாதை. எல்லாம் முடிந்து கூடையைத் தூக்கும்போது, "கறிவேப்பிலை போடுங்க நானா" என்பார்கள். அவர் பார்க்காமலே ஒரு பிடி அள்ளிப் போடுவார். "என்ன நானா, கை சுருங்குது?" என்றால் இன்னொரு பிடி. ஓரமாக நிற்கும் சிவகாமிக்கு அந்தப் பிடி ஒவ்வொன்றிலும் தான் பொறுக்கிய புழுக்கள் கண்ணில் தெரியும்.

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வரப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த ஐம்பத்தேழாம் வருஷம் அது. சேதுபதி காப்பிக் கடை வானொலிக்குக் காதைக் கொடுத்துவிட்டு, வாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவான்.

"மெர்டேக்கா வந்துட்டா எல்லாத்துக்கும் ஒரு மதிப்பு வரும் சிவகாமி. பாத்துக்கிட்டே இரு."

"கறிவேப்பிலைக்குமா?"

சேதுபதி "அது வந்து..." என்று இழுத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் சந்தைக்குப் பின்னால் சேறும் சகதியுமாய்க் கிடந்த வெளிக்குச் சிமெண்டு போட்டார்கள். சொந்தத் தோட்டத்தில் விளைந்ததை விளைவித்தவர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து விற்கலாம், ஆளுக்கு ஒரு கட்டம், கடைக்காரர் நடுவில் இல்லை என்று அறிவித்தார்கள். சிவகாமி அதைக் கேட்ட அன்றைக்குச் சோறு பொங்க மறந்துவிட்டாள். தன் இலையைத் தன் கையால், விலை சொல்லி விற்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கட்டம் போதும்.

கட்டம் ஒதுக்கும் வேலை சந்தைக் கணக்கு எழுதும் கிராணி கருணாகரனிடம் இருந்தது. பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடியே நாளைக் கடத்துகிற மனுஷன்.

"என்னம்மா விக்கப் போற?"

"கறிவேப்பிலைங்க."

"அது சரி. விக்கிறது என்னன்னு கேக்கிறேன்."

"அதான் சொல்றேன் ஐயா, கறிவேப்பிலை."

கருணாகரன் பேனாவை மூடினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தெங்கேராவிலிருந்து வாழைப்பூவும் கீரையும் கொண்டுவரும் மலாய்க்கார அம்மாவுக்கு யாரோ அதை மலாயில் சொல்ல, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, கறிவேப்பிலைய யாரு காசு குடுத்து வாங்குவா? உங்க வீட்டுல வாங்குவீங்களா?"

"எங்க வீட்டுல மரமே இருக்கு, நாங்க எதுக்கு வாங்கணும்?"

"அப்ப எங்க வீட்டம்மா எதுக்கு வாங்கணும்? சும்மா குடுக்கிற சாமானுக்குக் கட்டம் குடுத்தா நாளைக்கு வாழ நாரு விக்கிறவன் வந்து நிப்பான். போம்மா, ரெண்டு பூசணிக்காயாவது போட்டு எடுத்துக்கிட்டு வா, பாக்கலாம்."

பூசணிக்காய்! அவள் வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல்லைத் திட்டிக்கொண்டே வந்தாள். அப்துல் சமதுவிடம் போய்ப் பொருமினால், அவர் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அதுக்கென்ன தங்கச்சி, வெண்டிக்கா வாங்கி வச்சி வித்துக்க. கறிவேப்பிலய அதுக்குக் கொசுறாப் போட்டிரு" என்றார். அவருடைய நல்ல மனசுக்கு அவர் அன்றைக்கு அடிபடாமல் தப்பினார்.

மறுநாள் சாக்கு சந்தைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சேதுபதி வெறும் சைக்கிளில் வேலைக்குப் போனான்.

"ஒரு எலைக்கு இவ்வளவு ரோஷமா?" என்று மட்டும் ஒருதரம் கேட்டான். அன்றைக்கு அவன் ரசத்தில் தாளிப்பு இல்லை. பிறகு கேட்கவில்லை.

சந்தையில் நடந்தது இதுதான். கொசுறு இல்லை என்றதும் அம்மாக்கள் கறிவேப்பிலையின் அருமையை உணர்ந்தார்கள் என்று நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. அப்துல் சமது கஞ்சனாகிவிட்டார் என்றுதான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு நாள் வாங்கினோம், ஒரு கொப்பு போட மனசில்லையே என்று எதிர்க்கடைக்கு நடந்தார்கள். எதிர்க்கடையிலும் இல்லை. அங்கேயும் சிவகாமியின் இலைதான் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் கேலியும் வசவும் கேட்டு அலுத்துப்போன அப்துல் சமது ஒரு சாயங்காலம் வேலிப் பக்கம் வந்து நின்றார்.

"தங்கச்சி, போதும்மா. யாவாரமே போச்சு. ஒனக்கு என்னா வேணும் சொல்லு."

"கட்டம் வேணும் நானா. கிராணிகிட்ட நீங்க வந்து சொல்லணும், இது விக்கிற சாமான்தான்னு."

அவர் தாடியைத் தடவினார். தான் சும்மா கொடுக்கிற பொருளை விற்கிற பொருள் என்று தானே போய்ச் சொல்வது அவருக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் வந்தார். கருணாகரனுக்கு முன்னால் நின்று, இந்த இலை இல்லாமல் தன் கடையே படுத்துவிட்டது, இனி அம்மாக்கள் கேட்டால் அந்தக் கட்டத்துக்கே அனுப்பிவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சந்தைச் சண்டையைக் காதாலேயே கேட்டிருந்த கிராணி பேனாவைத் திறந்தார். மீன் தண்ணீர் ஓடுகிற சாக்கடைக்குப் பக்கத்தில், யாரும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட கடைசிக் கட்டம் அவளுக்குக் கிடைத்தது.

மெர்டேக்கா கொண்டாட்டமெல்லாம் ஓய்ந்து, கட்டியிருந்த கொடிகள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தாள். சேதுபதி சாக்கை விரித்துக் கொடுத்தான். ஒவ்வொரு இலைக்கட்டையும் நுனி ஒரே பக்கமாக இருக்கும்படி அடுக்கினாள், தண்ணீர் தெளித்தாள். எதிரே அப்துல் சமதுவின் கடை தெரிந்தது.

முதல் அம்மா வந்தாள். கத்தரிக்காய் வாங்கிய கூடையோடு வந்து நின்று கையை நீட்டினாள்.

"நானா இங்க வாங்கிக்கச் சொன்னாரு."

சிவகாமி மகிழ்ந்துபோய் ஒரு கட்டை எடுத்து விலை சொன்னாள். அந்த அம்மா நீட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"வெலையா? கத்தரிக்கா அவருகிட்ட வாங்கிட்டேனே! கொசுறுக்குத்தான் இங்க அனுப்பினாரு."

அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்து மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். அப்துல் சமது சொன்ன சொல் தவறவில்லை. கேட்டவர்களையெல்லாம் விரலை நீட்டி இங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தார். கொசுறுக்குத் தனிக் கடை திறந்தாயிற்று என்று சந்தையே சந்தோஷமாகக் கிளம்பி வந்தது. சிலர், நகராட்சியில் மெர்டேக்காவுக்காக இலவசமாகப் போடுகிறார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கேட்கவே இல்லை, குனிந்து ஒரு கட்டை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள். சிவகாமி எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தாள்.

"இது விக்கிறதும்மா, விக்கிறது! எத்தன தரம் சொல்றது? காசு! காசு குடுக்கணும்!"

"கறிவேப்பிலைக்கா?" என்று வரிசையே வாயைப் பிளந்தது. காலம் கெட்டுப்போச்சு என்றார்கள், சுதந்திரம் வந்த லட்சணத்தைப் பார் என்றார்கள். வெயில் ஏற ஏற அவள் தொண்டை கட்டிப்போனது. மீன் சாக்கடை நாறியது. ஒரு கட்டுகூட விற்கவில்லை. கிராணி கருணாகரன் அந்தப் பக்கமாக ஒரு நடை வந்து, பார்த்து, பேனாவை மூடிக்கொண்டு போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு இந்தக் கட்டம் வேறு யாருக்கோ போய்விடும் என்பது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அழுகை வந்தது. இந்த ஜனங்களுக்கு முன்னால் அழுவதா என்று அதையும் கோபமாக்கி விழுங்கினாள்.

"கெளம்பலாம் சிவகாமி" என்றான் சேதுபதி மெதுவாக.

அப்போது செட்டித் தெருவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கெபாயா சட்டை, இடுப்பில் சாரோங், நெற்றியில் திருநீறு. பல தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்து ஊறிப்போன செட்டி ஜனம், அவர்கள் வீடுகளில் பேச்செல்லாம் மலாய்தான், சாமி மட்டும் நம்முடையது. அவள் கையை நீட்டவில்லை. சாக்குக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒரு கட்டை எடுத்து முகர்ந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். நுனி கருகியிருக்கிறதென்று உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதையும் வைத்தாள். சிவகாமி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெராப்பா?" என்று விலை கேட்டாள் அந்த அம்மாள்.

சிவகாமி சொன்னாள். "மஹால் லா!" என்றாள் அவள், தலையில் கை வைத்துக்கொண்டு. இவ்வளவு விலையா! சிவகாமி தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் புழுவைப் பற்றிச் சொன்னாள், மோரைப் பற்றிச் சொன்னாள், மோருக்கு மலாயில் என்னவென்று தெரியாமல் கையால் கடைந்து காட்டினாள். அந்த அம்மாள் எழுந்து போவதுபோல் போனாள். திரும்பி வந்து குந்தினாள். கடைசியில் வீட்டு விசேஷத்துக்கென்று ஒரு பெரிய கட்டாக எடுத்துக்கொண்டு, இடுப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து சிவகாமியின் கையில் வைத்தாள்.

வைத்தவள் எழுந்திருக்கவில்லை. கூடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, சிரித்தாள்.

"தம்பா சிக்கிட் லா, அக்கா."

இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடேன் என்று கேட்கிறாள். சேதுபதிக்கு அது புரிந்தது, ஓர் அடி பின்னால் போய்விட்டான். எதிரே அப்துல் சமது கையில் பிடித்த தராசோடு அப்படியே நின்றார். சிவகாமி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் இப்போது வெளியே வரும் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் கை போய்ச் சாக்கில் துழாவியது. கொழுந்து கலையாத நல்ல கொப்பாக இரண்டைப் பொறுக்கியது, கூடையில் போட்டது.

அந்த அம்மாள் போனபிறகும் சேதுபதிக்கு மனசு ஆறவில்லை.

"ஏன் சிவகாமி, இத்தன சண்டையும் போட்டுட்டு நீயே சும்மா குடுத்துட்டியே?"

"என்னங்க பேசறீங்க?" என்று சீறினாள் அவள். "அவங்க எங்கிட்ட காசு குடுத்து வாங்கியிருக்காங்க. வாங்கினவங்களுக்குக் கொசுறு போடாம அனுப்பினா அது என்ன யாவாரம்? தள்ளி நில்லுங்க, கடைய மறைக்கிறீங்க."