மச்சாளுக்குக் காட்டிய அழைப்பாணை

அழைப்பாணை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்துச் சனம் கதவைச் சாத்தும். நீதிமன்றத்திலிருந்து கடதாசி வந்தால் வீட்டில் யாரோ குற்றம் செய்துவிட்டார்கள் என்றுதான் கதை பரவும். சாட்சிக்கும் அதே பெயரில்தான் கடதாசி வரும் என்றால் எவர் நம்புகிறார்!

எனக்கு வந்தது சாட்சிக்கானது. உடுவிலில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்டச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பிழையான பக்கத்தால் முந்திக்கொண்டு வந்த வான் அவளை இடித்து விழுத்தியது. பஸ்சுக்கு நின்ற நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவளுடைய வலது கால் இனித் தையல் மெசினை மிதிக்காது. வானை ஓட்டியவனோ, அவள்தான் குறுக்கே வந்து விழுந்தாள் என்று பொலிசில் சொல்லிவிட்டான். பார்த்த வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் வாக்குமூலம் கொடுத்தேன். ஓட்டியவன் என் கணவரின் தமக்கை மகன்.

பொலிஸ்காரர் அழைப்பாணையோடு வாசல் படலையில் வந்து கூப்பிட்டபோது, "ஆள் ஊரிலை இல்லை" என்று என் கணவர் கூசாமல் சொன்னார். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த எனக்கு விசர் பிடித்தது. சவர்க்கார நுரை வழிய ஓடினேன். "ஆள் இஞ்சைதான் நிக்கிறன், கொண்டாங்கோ!" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

பின்னேரமே மச்சாள், அதுதான் அந்த வான்காரனின் தாய், வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சொந்த மருமகனைக் காட்டிக் குடுக்கப் போறீரோ? காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இரும்."

அப்போதுதான் அந்தச் சொல்லின் அருமை எனக்குத் தெரிந்தது. வெறும் அழைப்பு என்றால் போகாமல் விடலாம். கலியாண வீட்டுக்கே எத்தனை சாட்டுச் சொல்கிறோம். இதில் அழைப்புக்குப் பின்னால் ஆணை நிற்கிறது. தகுந்த காரணமில்லாமல் வராதவருக்குப் பிடியாணை.

"வாசியுங்கோ மச்சாள். நான் போகாட்டி என்னைப் பிடிச்சுக்கொண்டு போவினம். எனக்குப் பதிலா நீங்கள் மறியலிலை கம்பி எண்ணுறியளோ?"

மச்சாள் வாசித்துவிட்டுக் கடதாசியைத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் எனக்கு ஒரே பல்லவிதான்: "நான் என்ன செய்ய? ஆணை வந்திட்டுது." கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். வீட்டில் சண்டை இல்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது.

வழக்கு நாளில் சாட்சிக்கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, கண்டதைச் சொன்னேன். வான்காரனின் சட்டத்தரணி எழும்பி இனிக்க இனிக்கக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் விரும்பி வரேல்லை, என்ன? அழைப்பாணை வந்தபடியால்தானே வந்தனீங்கள்? பொலிஸ் சொல்லச் சொன்னதைத்தானே சொல்லுறியள்?"

பின்வரிசை வாங்கில் என் கணவரும் மச்சாளும் இருந்தார்கள். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தையற்காரப் பெண்ணும் இருந்தாள். ஓம் என்றால் எனக்குக் குடும்பம் மிஞ்சும். ஆனால் என் சாட்சி பொலிஸ் இழுத்துவந்த ஆளின் பேச்சாகிவிடும், அவள் தோற்றுவிடுவாள்.

"இல்லை ஐயா," என்றேன். "ஆணை எண்டது என்ரை சொந்தக்காரருக்கு நான் சொன்ன சாட்டு. உந்தக் கடதாசி வராட்டியும் நான் வந்திருப்பன். பெடியன் பிழையான பக்கத்தாலைதான் வந்தவன்."

மச்சாள் வெளியே போக எழுந்தார். என் கணவரையும் கையில் பிடித்து இழுத்தார். அவர் எழும்பவில்லை.