பதினொரு விநாடிப் படமும் என் கடைசி வரியும்

என் வேலைக்காலம் முழுவதிலும் என்னை ஒருவர் படம் பிடித்தது ஒரே ஒரு தடவைதான். அது பதினொரு விநாடி ஓடியது. படம் பிடித்த அம்மாளுக்குத் தண்டனை கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது.

திருத்தணி வட்டாரத்தில் ஒரு சின்ன சிவில் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்து, விரல் வேகம்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

1. கீழே தயாராக இருந்த வரி

வெளியாட்களுக்கு எங்கள் வேலை தெரியாது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சாட்சி கூண்டில் நின்று பேசுவார். வக்கீல் கேள்வி கேட்பார். சாட்சி சொன்னதன் சாரத்தை ஜட்ஜ் ஒரு வாக்கியமாக்கிச் சொல்ல, நான் அடிப்பேன். அதற்குப் பெயர் டெபாசிஷன். முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். சரி என்று அவர் சொன்ன பிறகுதான் கையெழுத்து. அதற்கென்று கடைசியில் ஒரு வரி உண்டு: "படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது."

சேர்ந்த முதல் வாரமே எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு சூட்சுமம் சொல்லிக் கொடுத்தார். "அந்த லைனைத் தினம் அடிச்சிகினு இருக்காதப்பா. கீழ ரெடியா போட்டு வெச்சிரு. மேல எடம் வுட்டு வெச்சா அப்பறம் அடிச்சி ரொப்பிக்கலாம்." அப்படியே செய்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது; மேலே அடிக்க அடிக்க அந்த வரி தானாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். சாட்சி தன் பெயரைச் சொல்லும்போதே, அவர் சொல்லப்போவதையெல்லாம் கேட்டு ஒப்புக்கொண்டுவிட்டதாக என் திரையின் அடியில் இருக்கும்.

படித்துக் காட்டினோமா? இல்லை. நேரம் எங்கே? வக்கீலுக்கு அடுத்த கேஸ். சாட்சிக்கு மணவூர் பக்கம் போகிற நாலரை மணி வண்டி. பேப்பரை நீட்டியதும் "எங்க சார் போடணும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் விரலால் இடத்தைக் காட்டுவேன்.

2. பங்காரம்மா கூண்டேறிய நாள்

பங்காரம்மாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் ஊர். ஐம்பதைத் தாண்டிய விதவை. புருஷன் விட்டுப்போன கரும்புக் கொல்லை ஒன்று இருந்தது. அந்தக் கொல்லைக்குப் போக வேண்டுமானால் புருஷனின் அண்ணன் நிலத்து ஓரமாகத்தான் வழி. அண்ணன் வேலி போட்டுவிட்டார். வழி இல்லையென்றால் வெட்டிய கரும்பை ஆலைக்கு ஏற்ற வண்டி உள்ளே வராது. வழியைத் திறந்துவிடச் சொல்லி அந்த அம்மாள் கேஸ் போட்டிருந்தாள்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். மலைக்குப் போகும் காவடிக் கூட்டத்தில் சாலையே தெரியவில்லை. பஸ் நின்றுவிடும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் கிராஸில், அதாவது குறுக்கு விசாரணையில், கேட்டார்.

"ரெண்டு வருஷமா அந்த வழியில வண்டி போகலை. சரிதானே?"

"ஆங், வண்டி போகலைங்க. மழையில கரை சரிஞ்சி போச்சி. ஆனா நாங்க நடந்துகினு தாங்க இருக்கோம். எருவெல்லாம் தலைச்சுமையா தூக்கிகினு அந்த வழியாத்தான் போறோம். பாவாவே பார்த்திருக்காரு, கேளுங்க."

பாவா என்றது கணவரின் அண்ணனை. அவர்தான் பிரதிவாதி. கோர்ட்டுக்குள்ளும் அந்த அம்மாள் அவரை வேறு மாதிரி சொன்னதில்லை.

நான் அடித்தது இவ்வளவுதான்: "கடந்த இரண்டு ஆண்டுகளாக வழக்கிடைப் பாதையில் வண்டி செல்லவில்லை என்றால் சரிதான்." நடந்து போனதும் தலைச்சுமையும் அதில் இல்லை. அது இல்லையென்றால் வழியையே அவள் விட்டுவிட்டதாக ஆகிவிடும். ஜட்ஜ் சொல்லாமல் விட்டாரா, சொல்லி நான் விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நடுவில் கரன்ட் போய் யூ.பி.எஸ். கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. பேப்பரை நீட்டினேன், விரலால் காட்டினேன், பங்காரம்மா கையெழுத்துப் போட்டாள்.

சர்டிஃபைட் காப்பி வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருத்தக் கேட்டு அவள் வக்கீல் மனுப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஜட்ஜ் அம்மாளைப் பார்த்து என் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "படிச்சுக் காட்டி, ஒத்துக்கிட்டு, கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப வந்து மாத்திச் சொன்னா எப்படிங்கம்மா?" ஜட்ஜ் மனுவைத் தள்ளுபடி செய்தார். அந்த உத்தரவையும் நான்தான் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

3. சொல்லிவிட்டு எடுத்த படம்

அடுத்த வாய்தாவில் பிரதிவாதி சாட்சி சொல்லக் கூண்டேறினார். பெயர், தகப்பனார் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். முன் பெஞ்சிலிருந்து பங்காரம்மா எழுந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"அம்மா, நான் இப்ப படம் எடுக்கப் போறேங்க."

எங்கள் ஜட்ஜ் தென்மாவட்டத்திலிருந்து வந்த இளம்பெண். சத்தம் போடாதவர். "போன்ல படம் எடுக்கக் கூடாதுன்னு வெளிய போர்டு இருக்கே, பாக்கலையா?" என்றார்.

"பார்த்தேங்க. அதனாலதான் சொல்ட்டு எடுக்கறேன். திருட்டுத்தனமா எடுக்க இஷ்டம் இல்லீங்க. நான் பேசனதுல பாதி பேப்பர்ல இல்ல. நான் பேசலன்னு பேப்பர் சொல்லுது. அன்னிக்கி ஒரு படம் இருந்திருந்தா போட்டுக் காமிச்சிருப்பேன். எடுக்கறது தப்புன்னா தண்டனை குடுங்க, வாங்கிக்கறேன்."

போனை மார்புக்கு நேராகப் பிடித்து அழுத்திவிட்டாள். பெண் கான்ஸ்டபிள் கிட்டே போனதும் இரண்டு கையாலும் அவளே நீட்டினாள். அவள் வக்கீல், "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்கம்மா" என்று சொல்லி, சொன்ன வேகத்தில் உட்கார்ந்தும்விட்டார்.

கோர்ட் கலையும்வரை காவல் என்று தண்டனை. சாயங்காலம்வரை அங்கேயே பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தாள். எனக்கோ கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் என் டைப்பைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. இவள் யார், கரும்புக் கொல்லையிலிருந்து வந்து என்னைச் சொல்வதற்கு?

அடுத்த வாய்தாவுக்குப் பங்காரம்மா தன் மகளுடைய போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அதே கும்பிடு, அதே வார்த்தை. அழுத்துவதற்குள் கான்ஸ்டபிள் கை நீட்டிவிட்டார். மறுபடியும் பின் பெஞ்ச்.

மூன்றாவது வாய்தாவுக்கு அவளோடு எட்டுப் பெண்கள் வந்தார்கள். எல்லாம் அவள் ஊரில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். பங்காரம்மா சொல்லி முடித்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்து கையைத் தூக்கினார்கள். "நானும் எடுக்கப் போறேங்க." "நானுங்க." யாரும் கத்தவில்லை, கோஷம் இல்லை. ஒருத்தி கையில் இருந்தது பழைய பட்டன் போன்.

"இதுல படமே வராதேம்மா" என்றார் கான்ஸ்டபிள்.

"கை தூக்கறதுக்கு இது போதுங்க" என்றாள் அவள்.

ஜட்ஜுக்கே சிரிப்பு வந்து தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தண்டனையைக் குறைக்கவில்லை. இரண்டு பெஞ்ச் நிறையப் பெண்கள் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் அவர்களுக்குத் தண்ணீர்ப் பானையைப் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொன்னார் ஜட்ஜ். அவர்கள் வேறு வேலை இல்லாததால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேப்பர் நீட்டுவதை, விரலால் இடம் காட்டுவதை, சாட்சிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவதை. அன்றைக்கு மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

4. அழிப்பதற்கு முன்னால்

கோர்ட் கலையும் நேரம். போன்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், உள்ளே படம் இருந்தால் அழித்துவிட்டுக் கொடுங்கள் என்றார் ஜட்ஜ். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியாக, முதல் நாள் வாங்கி வைத்த பங்காரம்மாவின் போன்.

அதில் இருந்தது அந்தப் பதினொரு விநாடி. மேலே மின்விசிறி, பிறகு கூண்டில் பிரதிவாதி வாயைத் திறக்கிறார், பிறகு என் முதுகும் என் திரையும். திரையில் மேலே இரண்டு வரி. நடுவில் வெள்ளையாகக் கிடக்கிறது. அடியில் ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துக்கான புள்ளிகள். எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் எனக்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லையே!

வேறு யார் பார்த்தாலும் அது ஒரு கம்ப்யூட்டர் திரை, அவ்வளவுதான். விரலை ஒரு தடவை வைத்தால் அதுவும் போய்விடும். ரிட்டயர் ஆக எனக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. அந்த வாரமே வாதம் முடிந்து தீர்ப்புக்குப் போக வேண்டிய கேஸ். என் பேப்பரை வைத்துத் தீர்ப்பு எழுதினால் அவளுக்கு வழி போய்விடும், கரும்பு கொல்லையிலேயே காயும். பின் பெஞ்சில் அந்த அம்மாள் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போனுக்காகக் காத்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயத்தைவிட வெட்கம் ஒரு பிடி கூட இருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணுங்க" என்றேன். போனை ஜட்ஜ் முன்னால் வைத்து அந்த வரியைக் காட்டினேன். "சாட்சி பேர்தான் சொல்லிகினு இருக்காரு. படிச்சுக் காட்டினதா கீழ போட்டிருக்கேன். இந்த அம்மாவுக்கும் இப்படித்தான் போட்டேன். படிச்சுக் காட்டலைங்க."

ஜட்ஜ் அந்தப் படத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"சேர்ந்த நாள்லேருந்துங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "நானும் தினம் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றார். "படிச்சீங்களான்னு ஒரு நாள் கேட்டதில்ல." பிறகு அடிக்கச் சொன்னார். வாதியையும் பிரதிவாதியையும் மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். டைப்பிஸ்ட்டிடம் விளக்கம் கேட்க வேண்டும். எனக்கான மெமோவை நானே அடித்தேன். இரண்டு தரப்பு வக்கீலும் பார்த்து ஒப்புக்கொண்டதை எழுதிக்கொண்டு, படத்தை அழிக்கச் சொன்னார்.

பங்காரம்மா எழுந்தாள். "அம்மா, படம் எடுக்கக் கூடாதுங்கறது தப்புங்க. நான் அடுத்த வாட்டியும் கேப்பேன்."

"அந்தத் தடையை எடுக்குற அதிகாரம் எனக்கில்லம்மா. மேல எழுதிக் கேளுங்க."

"எழுதறேங்க" என்று சொல்லிவிட்டு, போனை வாங்கிக்கொண்டு நாலரை வண்டியைத் தவறவிட்டவர்களோடு நடந்தாள்.

5. பாவா சொன்ன திருத்தம்

மறுவிசாரணை நாளில் பங்காரம்மா முதலில் பேசினாள். முடிந்ததும் நான் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டெபாசிஷனை முழுசாகப் படித்தேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "தலைச்சுமை" என்ற இடம் வந்ததும் கண்ணைத் திறந்து, "ஆங், அதான்" என்றாள்.

அடுத்தது பிரதிவாதி. அவருடைய பழைய டெபாசிஷனையும் அவருக்குப் படிக்க வேண்டும் என்று உத்தரவு. படித்துக்கொண்டே போனேன். "கடந்த இரண்டு ஆண்டுகளாக அந்தப் பாதையை யாரும் பயன்படுத்தவில்லை" என்று வந்தது.

"நிறுத்துங்க சார்" என்றார் அவர்.

அவருடைய வக்கீல் எழுந்தார். ஜட்ஜ் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"யாரும்னு நான் சொல்லலைங்க. வண்டி போகலன்னுதான் சொன்னேன். வேலி போட்டது நெசம், எனக்கும் அவங்களுக்கும் பேச்சு இல்லாததும் நெசம். ஆனா தம்பி சம்சாரம் எருவைத் தூக்கிகினு போறதை நான் தினம் பார்த்துகினுதான் இருந்தேன். என் பேர்ல பொய் இருக்க வேணாம். அதையும் போட்டுக்குங்க."

போட்டேன். பங்காரம்மா பாவாவைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குப் படிக்காமல் விட்டது அவள் பேச்சு மட்டுமல்ல, அவர் பேச்சும்தான். அந்த மனிதரை இத்தனை மாதம் பொய்யராக உட்கார வைத்திருந்தது என் வரி.

வழி திறந்தது. அந்தப் பருவத்துக் கரும்பு ஆலைக்குப் போனது. என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு கண்டனம் ஏறியது. அதோடுதான் ரிட்டயர் ஆனேன். போன் கூடாது என்ற போர்டு இன்னும் வாசலில் இருக்கிறது. மேலே எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை என்று பங்காரம்மா போன மாதம் மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னாள். மறுபடி எழுதப் போகிறாளாம். இந்தத் தடவை எதற்காகப் படம் வேண்டும் என்று விளக்கி நானும் அதில் ஒரு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்" என்றாள்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வேகம் தானாக வரும். அந்தக் கடைசி வரியை மட்டும் கடைசியில் அடியுங்கள்.