இரண்டு வீட்டுப் பேனாக்கத்தி

துபாயில், சத்வாவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சிறிய லேபில் பல்செட் செய்வதுதான் எனக்கு வேலை. கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து வந்த கொஞ்ச காலத்திலேயே அந்த வேலை கிடைத்துவிட்டது. மெழுகில் பல்வரிசை அடுக்குவது, அக்ரிலிக்கை அச்சில் அழுத்தி வேகவைப்பது, தேய்த்துப் பளபளப்பாக்குவது என்று நாள் முழுக்க யார் யாருடைய வாயோடோ பழகிக்கொண்டிருப்பேன். அந்த வாய்களுக்கு உரிய முகங்களை மட்டும் பார்த்ததே இல்லை. பழைய பேனாக்கத்திகளைச் சேர்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்ததும் பல் வழியாகத்தான்.

சத்வாவிலிருந்து ரோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஜுமைரா. அங்கே வில்லாக்களில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். கராஜ் சேல் என்று சூப்பர்மார்க்கெட் பலகையில் சீட்டு ஒட்டியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, இஸ்திரிப் பலகை வாங்கலாம் என்று என் கணவர் அப்படி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் பலகையின் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு பிஸ்கட் டின்னைக் கிளறினேன். பொத்தான், சாவி, உடைந்த பிரோச் எல்லாவற்றுக்கும் அடியில் என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மடக்குக்கத்தி கிடந்தது. கைப்பிடி பழைய வெண்ணெயின் நிறம். அந்த வெயிலிலும் கையில் ஜில்லென்று இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது நீளவாக்கில் மெல்லிய ரேகைகள் அலைந்து ஓடின. படிக்கும்போது பல்லை அறுத்துப் பார்த்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தந்தமும் பல்தானே. இஸ்திரிப் பலகையோடு அந்தக் கத்தியும் வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை என்றாலே கராஜ் சேல் என்று ஆகிவிட்டது. எலும்பு என்றால் லென்ஸில் கரும்புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக் என்றால் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருக்கும். தந்தத்தின் ரேகைக்கு மட்டும் ஒழுங்கே கிடையாது. பழம் சீவும் கத்தி, கடிதம் கிழிக்கும் கத்தி, இறகுப் பேனாவைக் கூராக்கப் பழைய காலத்தில் வைத்திருந்த கத்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஏசிக் காற்றில் தந்தம் காய்ந்து வெடித்துவிடும். அதனால் ஏசி இல்லாத சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு அவற்றை வைத்திருந்தேன். ஒவ்வொரு கைப்பிடிக்கும் எங்கோ ஒரு யானை செத்திருக்கிறது என்ற நினைப்பு எனக்கு இல்லாமல் இல்லை. அதனால் புதிதாகச் செதுக்கியது எதையும் தொடுவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். எப்போதோ நடந்துபோன ஒன்றைக் குப்பையில் போகாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

என் கணவர் ஹார்டுவேர் கடைகளுக்கு ஃபேனும் ஹீட்டரும் விற்கும் கம்பெனியில் சேல்ஸ்மேன். பயந்த சுபாவம். நான் ஒருமுறை அவருடைய ஆபீசுக்குப் போன் செய்து, இன்றைக்கு இரண்டு கத்தி கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"ஏம்மா, இந்த ஊர்ல போன்ல கத்தி கித்தின்னு பேசாத. யாராச்சும் கேட்டா என்ன நெனைப்பான்? வேற ஏதாச்சும் பேர் வச்சுக்கோ."

பல் என்று பேர் வைத்தோம். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், "போன வாரம் ஒரு அருமையான பல் கெடச்சுது, விளிம்புல மட்டும் கொஞ்சம் வெடிப்பு" என்று நான் சொல்வதைக் கேட்டு லேப் வேலையைப் பற்றிப் பேசுகிறேன் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் எனக்கு ஒரு போட்டி முளைத்தது. நான் எந்த வில்லாவுக்குப் போனாலும் எனக்கு முன்னால் ஓர் அம்மா நிற்பார். வெயிலுக்குக் குடை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, நிதானமான கை. நான் டின்னைத் திறக்கும்போது அவர் தன் கைப்பையை மூடிக்கொண்டிருப்பார். முகம் தெரியும், பெயர் தெரியாது. மலையாளி என்று நினைத்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே கத்தியை இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தோம். இரண்டு அலகு, நடுவில் மடங்கிய ஒரு குட்டிக் கத்திரிக்கோல், இரண்டு பக்கமும் தந்தம். கத்திரிக்கோல் துருவேறித் திறக்கவே இல்லை. ஆனாலும் அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் விடவில்லை. அவரும் விடவில்லை. என் வாயிலிருந்து "இது என்னடா வம்பா போச்சு" என்று வந்துவிட்டது. அவர் முகம் சட்டென்று மலர்ந்தது.

"தமிழே? அப்ப கேளுங்கோ தங்கச்சி. நான்தான் முதல் கண்டனான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாறதுக்குள்ளை நீங்கள் கையை வைச்சிட்டியள்."

யாழ்ப்பாணத்துக்காரர். ஷிப்பிங் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். கத்தியை விற்கும் வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் அவரோடு பேரம் பேசவே இல்லை. எங்களுக்குள்தான் பேசினோம், கத்தியைப் பிடித்த பிடியை விடாமல். கடைசியில் அந்த அக்காதான் வழி சொன்னார்.

"அப்ப ஒண்டு செய்வம். ஒரு கிழமை உங்கடை வீட்டிலை இருக்கட்டும், ஒரு கிழமை என்ரை அறையிலை. சரியோ?"

அப்படித்தான் அந்தக் கத்திக்கு வாரத்துக்கு ஒன்றாக இரண்டு வீடு ஆனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கைமாற்றுவோம். வெறுங்கையோடு கைமாற்ற முடியுமா? அவர் இடியாப்பமும் சொதியும் கொண்டுவருவார். நான் கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பேன். சொதிக்குப் பழகிய பிறகு என் கணவர் வியாழக்கிழமையே, நாளைக்குக் கத்தி நம்ம வீட்டுக்கு வருதா, போகுதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். பல் என்ற பெயரை அவரே மறந்துபோனார்.

ஏன் இவ்வளவு சின்னக் கத்திகளையே தேடுகிறீர்கள் என்று அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் அங்கங்கே போட்டுவிட்டு வந்தவர் அவர். இனிமேல் கைக்குள் அடங்கும் சாமான் மட்டும்தான் தனக்குச் சரி என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் என் கணவரே ஒரு துப்புக் கொண்டுவந்தார். வேலையாக ஃபுஜைரா போன இடத்தில், பழைய கடைத்தெருவில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் தட்டு நிறைய மடக்குக்கத்தி பார்த்தாராம். எல்லாம் வெண்ணெய் நிறமாம். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் காரில் கிளம்பினோம். அந்த வாரம் கத்தி அக்காவின் முறை. அதனால் அதுவும் அவர் கைப்பையில் வந்தது. மலைப்பாதையில் மசாஃபி சந்தையில் நிறுத்தி ஆரஞ்சு வாங்கித் தின்றுகொண்டே போனோம்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். குஜராத் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். இந்தியில் பேசினார், என் கணவர் எங்களுக்குச் சொன்னார். தட்டை வெளியே எடுத்து வைத்தார். நானும் அக்காவும் ஆளுக்கொரு லென்ஸோடு உட்கார்ந்தோம். எலும்பு, எலும்பு, பிளாஸ்டிக், மறுபடி எலும்பு. தட்டு முழுக்க ஒரு தந்தம்கூட இல்லை. தந்தம் அவர் கையில் இருந்தது. பேசிக்கொண்டே ஒரு வாட்சின் பின்மூடியை அவர் நெம்பித் திறந்தாரே, அந்தக் கத்திதான். தேய்ந்து தேய்ந்து தேன் நிறத்துக்கு வந்திருந்தது கைப்பிடி. விற்பீர்களா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். வேறு எந்த முனையும் அந்தச் சந்தில் இப்படி நுழையாதாம்.

அவர் பேசும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கை விலகிய நேரத்தில் மேல்செட் தனியாக ஏறி இறங்குவது தெரிந்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அக்கா என் இடுப்பில் இடித்தார்.

"கத்தியைப் பாருங்கோ பிள்ளை. ஆளின்ரை வாயை ஏன் பாக்கிறியள்?"

பல்செட் செய்வதுதான் என் தொழில் என்று என் கணவரைச் சொல்லச் சொல்லி, அதைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்கவைத்தேன். அவர் கொஞ்சம் தயங்கி, திரும்பி நின்று கழற்றி, செய்தித்தாளின் மேல் வைத்தார். நடுவில் பிளந்த செட். வாட்ச் கண்ணாடி ஒட்டுகிற பசையால் தானே ஒட்டியிருந்தார். முன்பல் ஒன்று காணோம். என் கை பரபரத்தது. இந்தப் பசையை யாராவது வாயில் வைப்பார்களா என்று தமிழிலேயே ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன். மொழி புரியாவிட்டாலும் அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சரிசெய்து கொண்டுவருகிறேன், கொடுங்கள் என்றேன். அவர் செட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். அதில் நியாயம் இருந்தது. முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து பல்லைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? என் கணவர் கம்பெனி விசிட்டிங் கார்டை நீட்டினார். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். அப்போது அக்கா கைப்பையைத் திறந்து, எங்கள் இரண்டு வீட்டுக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை வைச்சிருக்கச் சொல்லுங்கோ தம்பி. இதை விட்டிட்டு நாங்கள் போகமாட்டம் எண்டு சொல்லுங்கோ."

அவர் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு கத்தியை வெகுநேரம் பார்த்தார். திறக்காத கத்திரிக்கோலை நகத்தால் தட்டினார். பிறகு பல்செட்டை ஈரக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அது என் மடியில் இருந்தது. கத்தியோடு போனோம், பல்லோடு வருகிறோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே என் கணவர் வண்டி ஓட்டினார்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்த பிறகு லேபில் உட்கார்ந்தேன். பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு துண்டையும் பொருத்தி, புதிதாக அக்ரிலிக் இட்டு இணைத்தேன். முன்பல்லுக்கு எப்போதும்போல் வெள்ளைப் பல்லை எடுக்கப்போய்க் கையை நிறுத்திக்கொண்டேன். அவர் மேசையில் இருந்த, பால் இல்லாத சுலைமானி டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. கொஞ்சம் மஞ்சளான பல்லாகத் தேடி, பக்கத்துப் பல்லைப் போலவே நுனியைத் தேய்த்து வைத்தேன். முகம் தெரிந்த ஒருவருக்கு அதுவரை நான் பல் செய்ததில்லை. கையில் அந்த வேலை இருந்த நேரம் முழுக்க ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது அவர் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மாட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் உறுத்துகிறது என்றார். கொண்டுபோயிருந்த அரத்தால் தேய்த்துக் கொடுத்தேன். மறுபடி மாட்டி, சுவரில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, எண்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். செட் அசையவில்லை. உடனே பக்கத்துக் கடைக்குப் போய்ச் சுட்ட சோளக்கதிர் ஒன்றை வாங்கிவந்தார். எங்களுக்கு முன்னால் நின்றபடியே, ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை என்று கதிரைத் திருப்பித் திருப்பிக் கடித்துத் தின்றார். வாட்ச் கொண்டுவந்த பாகிஸ்தான் பதான் ஒருவர்கூட ஓரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தின்று முடித்து அவர் சிரித்தபோது வாயைப் பொத்தவில்லை.

பிறகு இழுப்பறையைத் திறந்து எங்கள் கத்தியை எடுத்தார். அலகுகள் இரண்டும் மினுங்கின. நடுவில் நகத்தை வைத்து இழுத்தார். கத்திரிக்கோல் எழும்பி நின்றது. துருவை நீக்கி, உள்ளே ஒடிந்துபோயிருந்த வில்லுக்குப் பதிலாக ஒரு பழைய கடிகாரத்தின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டிருந்தார். செய்தித்தாளின் ஓரத்தை நீளமாக ஒரு நாடா போல வெட்டிக் காட்டிவிட்டு அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா தன் சேலை முந்தானையில் தொங்கிய நூலை வெட்டினார். என் துப்பட்டாவிலும் வெட்டினார். என் கணவரின் சட்டைப் பொத்தானில் நூல் தேடினார்.

என் கணவருக்கு அப்போதும் ஆசை விடவில்லை. அந்தத் தேன் நிறக் கத்தியை இப்போதாவது தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தார். கடைக்காரர் புதுப்பல் தெரியச் சிரித்தார்.

"நீங்க பல் தந்தீங்க. நான் கத்திரி தந்தேன். கலாஸ்."

அவர் இந்தியில் சொன்னதை என் கணவர் தமிழில் சொல்வதற்கு முன்பே, முடிந்தது என்று சொல்லும் அந்தக் கடைசி அரபுச் சொல் ஒன்றே எங்களுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அந்தக் கத்தியை என் கையில் கொடுத்து, ஆசை தீரப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் பதியும் இடத்தில் தந்தம் சின்னதாகக் குழிந்திருந்தது. அது என் வீட்டு அலமாரிக்கு வந்து தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டிய கத்தி இல்லை என்று எனக்கே தோன்றியது. அன்று கடற்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பினோம்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் என் கணவருக்கு பஹ்ரைனுக்கு மாற்றல் ஆனது. ஈசா டவுனில் வீடு பார்த்தோம். தந்தத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. அந்தச் சட்டத்தோடு எனக்கு மனத்தாங்கலும் இல்லை. அதனால் என் கத்திகள் எல்லாம் அக்காவின் அறைக்குக் குடிபோயின. ஏசி வேண்டாம், தண்ணீர் மறக்க வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்வார். கராஜ் சேல் கதைகள் முடிந்ததும் போனைக் கத்திக்குப் பக்கத்தில் பிடித்து, ஏதாவது ஒன்றைத் திறந்து மூடுவார். ஒவ்வொன்றும் மூடும்போது ஒவ்வொரு மாதிரிச் சத்தம். பழக்கத்திக்கு மெல்லிய சத்தம், கடிதக் கத்திக்கு அழுத்தமான சத்தம். எது என்று நான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவேன். தவறினால், "இன்னொருக்கா கேளுங்கோ" என்று மறுபடியும் திறப்பார்.