வைனுக்கு ஏற்ற எரிசேரி

தம்பானூரில் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் சைவச் சமையல் என் பொறுப்பு. கரமனை அக்கிரகாரத்துக்காரன். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் எதையும் வாயில் வைத்து ருசி பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவன். கொதிக்கும் வாசனையை வைத்தே உப்பு சொல்லிவிடுவேன். ஓட்டலிலும் அதே வழக்கமாகத்தான் இருந்தது. இருபது வருஷமாக ஒருநாள்கூட உப்பு தவறியிருக்கவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

இதில் வயிறெரிந்தவர் எங்கள் ஷெஃப், மலையாளி. "சாமியுடெ மூக்கு ஒரு திவசம் சதிக்கும்," என்பார்; என் மூக்கு ஒருநாள் என்னை ஏமாற்றிவிடுமாம். அந்த நாளுக்காகவே அவர் ஓய்வுபெறாமல் இருந்தார் என்பது என் சந்தேகம்.

போன வருஷம் ஒரு மத்தியான விருந்து. ஓக் மரப் பீப்பாயில் ஊறிய சிவப்பு வைனும், அதற்குப் பொருந்தும் கறிகளும். ஆட்டுக்கறிதான் சரி என்றார் ஷெஃப். "வெஜ்ஜினு சாலட் மதி." சைவத்துக்கு சாலட்டே போதுமாம். எனக்குச் சுருக்கென்றது. வைன் கொண்டுவந்த பெண்ணிடமிருந்து ஒரு கோப்பையை வாங்கினேன். குடிக்கவில்லை, முகர்ந்தேன். நாவல்பழம், கிராம்பு. அவற்றுக்கு அடியில், சத்தியமாக, சிவக்க வறுத்த தேங்காய்!

"இது எரிசேரிக்குன்னே பண்ணினதாக்கும்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள், தேங்காய் வாசனை அந்த மரத்திலிருந்து வருவதுதான் என்றாள். சேனையும் மிளகும் வேகவைத்து வறுத்த தேங்காய் சேர்க்கும் என் எரிசேரி, பட்டியலில் ஏறியது.

விருந்தன்று காலையிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் ஒரு கோப்பை வைனை வைத்துக்கொண்டு, அதை ஒருமுறை, உருளியை ஒருமுறை என்று மாற்றி மாற்றி முகர்ந்தபடி சமைத்தேன்.

விருந்தாளிகள் ஒரு வாய் வைன், ஒரு வாய் எரிசேரி என்று கண்ணை மூடினார்கள். "எவ்வளவு அடக்கமான ருசி!" என்றார் ஒருவர். "வைனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது," என்றார் இன்னொருவர்.

அடக்கமா? என் எரிசேரியா? உள்ளே ஓடி, உருளியில் மிச்சமிருந்ததை வழித்து வாயில் போட்டேன். உப்பே இல்லை. வைன் நெடியில் மூக்கு என்னைக் கைவிட்டிருந்தது.

திரும்பினால் ஷெஃப். அவரும் மென்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

"உப்பெவிடெ, சாமீ?"

வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் விழுந்தவன் மீசையில் மண் ஒட்டலாமா?

"வைனுக்கு உப்பு ஆகாது, ஷெஃப். தெரியாதோ?"

அவர் பதில் சொல்வதற்குள் முதலாளி வந்துவிட்டார். எரிசேரியை இப்படியே, துளியும் மாற்றாமல் மெனுவில் சேர்க்க வேண்டுமென்று விருந்தாளிகள் கேட்கிறார்களாம். ஷெஃப் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"சாமி தன்னெ உண்டாக்கட்டெ," என்றார் அமைதியாக. "இதுபோலெ தன்னெ." நானே சமைக்கட்டும், இதே மாதிரி உப்பில்லாமல் என்று அர்த்தம்.

இப்போது சனி, ஞாயிறு மத்தியானங்களில் அதைச் சமைக்கிறேன். பழக்கதோஷத்தில் கை உப்புச் சாடிக்குப் போகிறது. போட்டேனா இல்லையா என்பதில் மூக்கை நம்பத் துணிவில்லை. அதனால் இறக்குவதற்கு முன் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறேன், தவறி உப்பு விழுந்திருக்கக் கூடாதே என்று. அந்த நேரத்துக்குச் சரியாக ஷெஃப் அடுப்பருகே வந்து நிற்கிறார், சாமி ருசி பார்ப்பதைப் பார்க்க.