ஏரியைப் பார்த்துத் திரும்பிய குழாய்

அப்துல் ரவூப் பாய் மைக் செட் வைத்திருந்தார். பழவேற்காட்டில் கல்யாணமோ கந்தூரியோ சர்ச் திருவிழாவோ, அவருடைய இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள்தான் கத்தும். மனிதர் கத்தமாட்டார். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம் நடக்கும். மாதா வேடம் சூசையம்மாளுக்கு. மற்ற நாளெல்லாம் தலையில் மீன்கூடையோடு திருப்பாலைவனம் வரை போய், அற்ப மீனுக்குப் பேரம் பேசுகிறவர்களிடம் வசவு வாங்குகிற பெண். அந்த ஒரு நாள் மட்டும் ஊரே அவர் முன்னால் நின்று கண்ணீர் விடும். அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கண் மங்கிக்கொண்டே வருவதை யாரிடமும் சொல்லவில்லை. பாய்க்கு மட்டும் தெரியும். எதிரே நின்ற மைக் ஸ்டாண்டில் சூசையம்மாள் மோதியதைப் பார்த்து அவராகவே புரிந்துகொண்டார்.

1979இல் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பம். அதில் கட்டிய குழாய்களின் வாயைப் பாய் கொஞ்சம் மேடைப் பக்கம் திருப்பினார். ஆர்மோனியச் சத்தம் இரண்டு காதிலும் சமமாகக் கேட்டால் சூசையம்மாள் நடுமேடையில் இருக்கிறார். இடது காதில் கூடினால் இடப்பக்கம் வந்துவிட்டார், வலப்பக்கம் நகரவேண்டும்.

முந்தின நாள் மைக் டெஸ்டிங் என்று சொல்லி ஒத்திகை பார்த்தார்கள்.

“வலது பக்கம் கம்மியா கீது பாய்.”

பாய் கம்பத்தில் ஏறி ஒரு விரற்கடை திருப்புவார். அதிகம் திருப்பினால் மைக் ஊளையிடும். இறங்கி வருவார், சூசையம்மாள் மறுபடி நடப்பார். இருபது தடவையாவது இருக்கும். இந்த ஆளுக்குத் தொழில் தெரியவில்லை என்று கரையில் உட்கார்ந்து நாங்கள் சிரித்தோம்.

மேடை நெஞ்சளவு உயரம். வலப்பக்கம் கீழே, ஏரி கரையை அரிக்காமலிருக்கப் போட்ட கருங்கற்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. செட்டு வந்தால் ஒரு குழாய் ஏரியைப் பார்க்க வேண்டும். வலை போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்க வேண்டாமா? நாடகத்தன்று பக்கத்துக் குப்பத்து ஆட்கள் இறாலுக்குப் போயிருந்தார்கள். அந்தக் குப்பத்து எல்லப்பன், நல்ல எண்ணத்தில்தான், யாரையும் கேட்காமல் வலப்பக்கக் கம்பத்தில் ஏறிக் குழாயைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டான். பாய் அப்போது குனிந்து பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகனை இழந்து மாதா அழும் கட்டம். சூசையம்மாள் பாடிக்கொண்டே வந்தார். வலது காதில் சத்தம் குறைந்தது. இடப்பக்கம் ஒதுங்கிவிட்டோம் என்று நினைத்து வலப்பக்கம் நடந்தார். பாய் நிமிர்ந்து பார்த்தார். விளிம்புக்கு மூன்றடிதான் இருந்தது. சூசையம்மாள் இன்னும் ஓர் அடி வைத்தார். பாய் அண்ணாந்தார், குழாய் திரும்பியிருந்தது. கத்தினால் கேட்காது, ஓடினாலும் போய்ச் சேர முடியாது. பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினார்.

சத்தம் அடங்கியது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் சூசையம்மாள் அப்படியே நின்றுவிட்டார். அவர் கால் கட்டைவிரல் பலகைக்கு வெளியே இருந்தது. அதை யார் கவனித்தார்கள்? அழுதுகொண்டிருந்த கூட்டத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நாடகத்தை நடத்தும் அந்தோணிசாமி ஓடிவந்து பாயின் சட்டையைப் பிடித்தார். “மாதா அழற நேரத்துல இன்னாத்துக்கு செட்ட நிறுத்துன?”

பாய் கிளிப்பைக் கையில் பிடித்தபடியே மேடையைப் பார்த்தார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நானும் அவரைப் பிடித்துத் தள்ளினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

“உடுங்க அவர!” மேடையிலிருந்து சூசையம்மாள் கத்தினார். “எனக்குக் கண்ணு தெரியல. மூணு வருசமாவே சரியா தெரியல. கல்லு மேல விழ இருந்தேன். அதான் நிறுத்தினாரு.”

அந்தோணிசாமி சட்டையை விட்டார். பாய் மேடையருகே போனார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

“இன்னாத்துக்கு தங்கச்சி சொன்ன? ரெண்டு அடிதானே, வாங்கினு போயிருப்பேன். அடுத்த வருசம் உன்ன மேடை ஏத்த மாட்டாங்க.”

“தெரியும் பாய்,” என்றார் சூசையம்மாள். “இன்னும் பாதிப் பாட்டு கீது. செட்ட போடுங்க.”